நாலு நிமிஷப் பச்சை

கொர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கொர்ர்ர். ஜெசிந்தா கண்ணைத் திறக்கவில்லை, முதலில் மூச்சை நிறுத்தினாள். தன் மூச்சு ஓடினால் பிள்ளையின் மூச்சு காதில் விழாது. இருட்டில் கை தானாகப் போய் மிலியின் மூக்கடியில் விரலை வைத்தது. வருகிறது. பால் வாடையோடு, வெதுவெதுப்பாக, வருகிறது, போகிறது, வருகிறது. ஏழு மாதம் முடிந்து ஏழு கிலோவையும் தாண்டிவிட்ட பிள்ளைதான். ஆனால் ராத்திரியில் ஒரு புதுச் சத்தம் கேட்டால் போதும், ஜெசிந்தாவின் விரலுக்கு அவள் இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பளித் தொப்பி போட்டுப் படுத்திருக்கிறவள். பதினொரு நாள் அந்த வார்டில் கிடந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிரிஞ்ச் பம்ப், சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதுவும் இப்படித்தான், சத்தம் போடும், நிறுத்தும், போடும். அதன் திரையில் ஓடிய எண்களை நர்ஸைவிட இவள்தான் அதிகம் பார்த்திருப்பாள். யாரோ என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருப்பாள் இந்தக் கணக்கை, அன்றைக்கு அவளுக்குத் தலைவலியாக இருந்திருக்கக் கூடாது, வீட்டுக்குப் போகிற அவசரமாக இருந்திருக்கக் கூடாது, மாதாவே. கொர்ர்ர். சத்தம் பிள்ளையிடம் இல்லை, சமையலறையில். எழுந்தாள். கால் தரையில் பட்டதும் குளிர்ந்தது. ஆறாவது மாடி, கணவன் ஆன்றோ ராத்திரி ஷிஃப்டில் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இருக்கிறான், வீட்டில் இவளும் பிள்ளையும் மட்டும். யாராக இருந்தாலும் ஆறு மாடி ஏறி அரிசி டின்னிடமா வரப் போகிறான் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அந்தக் கேள்வியில் ஒரு தைரியமும் வராமல், சுவரைத் தடவியபடி போனாள். அரிசி டின்னின் எவர்சில்வர் மூடிமேல் அவளுடைய போன்தான் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. விழ ஒரு விரற்கடை பாக்கி.

ஆபீஸ் குழுவில் வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன. டீம் தலைவர் தணிகைவேல் போட்டிருந்தார்: பில்ட் பச்சை, நாலு நிமிஷம், காலை ஆறு மணிக்கு ரிலீஸ் தானாகவே போய்விடும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குங்கள். அடியில் கட்டைவிரல்கள், கைதட்டல்கள். இர்ஃபான் ஒரு ராக்கெட் படம் போட்டிருந்தான். இவளும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். விரல் அங்கேதான் போனது. போன விரல் நின்றது. நாலு நிமிஷமா? மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பி ஒரு மாதமாக தினமும் இந்தப் பச்சையைப் பார்க்கிறாள், ஒரு நாளும் நிமிஷத்தைப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் பில்ட் ஓடவிட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய், டீ வாங்கி, டீ ஆறி, சுபாவிடம் மாமியார் கதை கேட்டுத் திரும்பினால்தான் முடிந்திருக்கும். பதினொரு நிமிஷம். புது சர்வர் வாங்கினோமே, அதனால் வேகம் என்று வந்த அன்றே சொன்னார்கள், சரி என்று தலையாட்டினாள். புது சர்வர் என்றால் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் வேகமாகும், இல்லையா? எழுதிய புரோகிராம் கோடைச் சேர்த்துக் கட்டுகிற வேலைக்கு அப்போதும் மூன்று நிமிஷம்தானே ஆகும்? இப்போதும் ஏறக்குறைய அதேதான் ஆகிறது. அப்படியானால் வேகமானது எது?

அவர்கள் செய்கிற மென்பொருள், பச்சிளம் குழந்தைகள் வார்டில் எந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டு பம்ப்புக்குச் சொல்கிற மென்பொருள். பதினெட்டு ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது. கோடில் யார் கை வைத்தாலும் அன்று சாயங்காலம் பில்ட் எந்திரம் அதைச் சேர்த்துக் கட்டி, நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டும். டெஸ்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, கேள்வி கேட்கிற நாலு வரி. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு இந்த மருந்து எவ்வளவு, சொல்லு பார்ப்போம். சரியாகச் சொன்னால் பச்சை. எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று தப்பானாலும் முழு பில்ட்டும் சிவப்பு, ரிலீஸ், அதாவது ஆஸ்பத்திரிகளுக்குப் புதுப் பதிப்பு போவது, நின்றுவிடும். அதில் மருந்தளவுக்கான அறுபத்து மூன்று கேள்விகளை எழுதியவள் ஜெசிந்தா. ஒன்றரை வருஷம், ஒரு டாக்டரம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியவை. சாயங்காலம் அவற்றை ஓட்டத்தான் நேரம் பிடிக்கும். சுமார் ஏழு நிமிஷம். ஏழும் நாலும் பதினொன்று. வேண்டாம், கூட்டாதே. கூட்டிவிட்டாள்.

விடுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை. டாக்டர் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார், திங்கள் முதல் வரப் போவதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் கான்வென்ட்டில் டெஸ்க் சோதனை நாள். சிஸ்டர் கிளாடிஸ் ஒவ்வொரு டெஸ்க் மூடியாகத் தூக்கிக்கொண்டே வருவார், புத்தகம் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், ஜியாமெட்ரி பாக்ஸ் மூலையில். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, போகிறவள் ஒழுங்காக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று, கண்ட இடத்தில் கிடந்த அந்த அறுபத்து மூன்றையும் எடுத்து அழகாகப் புதிதாக ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் அடுக்கினாள். அடுக்கினது ஞாபகம் இருக்கிறது. பில்ட் எந்திரம் எந்தெந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதியிருக்கும். புது ஃபோல்டருக்கு அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேனா? சேர்த்திருப்பேன். முதுகு வலித்தது, கார் கீழே வந்து நின்றது, ஆன்றோ ஹாரன் அடித்தான், சேர்த்தேனா? சொல்லப்படாத கோப்புகளை எந்திரம் தேடாது. காணோம் என்றும் சொல்லாது. கேட்காத கேள்விக்குத் தப்பான பதில் ஏது? பூஜ்யம் தோல்வி. பச்சை.

ஆனால் தன்னை நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழாம் வகுப்பில் யார் ஜன்னலை உடைத்தது என்று சிஸ்டர் கேட்டால் எழுந்து நிற்கிறவள் இவள்தான், உடைக்காமலே. வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அமைதியை இவளால் தாங்க முடியாது, யாராவது எழுந்தால் தேவலை என்று இருக்கும், கால் எழுந்துவிடும். மூன்றாவது தடவை சிஸ்டர் கிளாடிஸ் தனியாகக் கூப்பிட்டு, "செய்யாததைச் செய்தேன்னு சொல்றதும் பொய்தான் குழந்தே. அதுக்கும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார். இதுவும் அந்த ஜன்னல்தானா? பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததற்கும் படி ஏறினதுதான் காரணம் என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தானே. லேப்டாப்பை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்துத் திறந்தாள். அந்த வரி இருக்க வேண்டிய கோப்பைத் திறந்தாள். இல்லை. இல்லை என்றாலும், இர்ஃபான் பில்ட்டை வேறு மாதிரி மாற்றி அமைத்திருக்கலாம், புது சர்வருக்கு வேறு கோப்பு இருக்கலாம். பில்ட் ஓட்டத்தின் குறிப்பேட்டில் கடைசிப் பக்கம் போனாள். ஓடிய டெஸ்ட்: முந்நூற்று நாற்பத்தொன்பது. முன்பு எத்தனை? நானூற்றுச் சொச்சமா? பழைய குறிப்பேடுகள் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். எத்தனை என்று யாரும் பார்த்ததில்லை, இவளும்தான். நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆன்றோவுக்கு இது டீ இடைவேளை நேரம், கூப்பிட்டாள். எடுத்தவுடன், "என்னட்டி, புள்ள அழுதாளா?" என்றான், பின்னால் எந்திரங்கள் தடதடத்தன. இவள் குசுகுசுவென்று சொன்னாள், ஃபோல்டர், வரி, நாலு நிமிஷம், ஆறு மணி. அவன் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "போன மாசம் லிஃப்ட் நின்னதுக்கும் நீதான் காரணம்னே. பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டேன்னு அழுதே. அசோசியேஷன்காரன் மோட்டாரு எரிஞ்சிட்டுன்னு நோட்டீஸ் ஒட்டின பொறவும் நம்பலையே நீ."

"இது லிஃப்ட் இல்லங்க. இது புள்ளைங்களுக்குப் போற மருந்து."

"சரி, சரி, கெடந்து பதறாத. பச்சைங்குதே உன் மெஷின், அதை நம்பலாமா வேண்டாமான்னுதான கேக்க? நாங்க என்ன செய்வோம் தெரியுமா? ஷிஃப்ட் ஆரம்பிக்கையில ஒரு கெட்ட பீஸை வேணும்னே செக்கிங் மெஷின்ல விடுவோம். ஓட்டை தப்பான எடத்துல போட்ட பீஸு, பிறவியிலேயே கெட்டது. அதுக்குன்னே ஒண்ணு செவப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கோம். மெஷின் அதைப் புடிச்சு வெளிய தள்ளினாத்தான் அன்னைக்கு வேலையே. புடிக்கலைன்னு வையி, லைனையே நிறுத்திருவோம்லா." கடைசி மிடறையும் உறிஞ்சிவிட்டு, "பாத்துட்டு அழு. பாக்காம அழாத" என்று வைத்துவிட்டான்.

கெட்ட பீஸ். வேண்டுமென்றே தப்பாக ஒரு டெஸ்ட், அதை எழுதவே கை வரவில்லை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதினாலும் போதும்தான். ஆனால் பயத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அது பார்க்கக் கூடாததைத்தான் பார்க்கச் சொல்லும். தன்னுடைய தனிப் பிரதியில், வேறு யாருடைய வேலையையும் தொடாத இடத்தில், அந்த அழகான ஃபோல்டருக்குள் அறுபத்து நாலாவதாக ஒன்றை எழுதினாள்: எழுநூற்றைம்பது கிராம் குழந்தைக்கு ஒரு லிட்டர் மருந்து. சரி என்று எதிர்பார். எழுதி முடித்ததும் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், மிலி வாசித்துவிடுவாள் போல. ஓடவிட்டாள். இந்தப் பொய்யைப் பிடி. பிடித்துவிடு. நீ பிடித்துவிட்டால் நான் பைத்தியக்காரி, அவ்வளவுதான், ஆன்றோ ஒரு வருஷத்துக்குச் சிரிப்பான், சிரிக்கட்டும். ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. கீழே வாட்ச்மேன் விசில் ஊதினார். ஒரு நிமிஷம். மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். இரண்டு. சிவப்பே, வா. வாழ்நாளில் இப்படிச் சிவப்புக்கு வேண்டிக்கொண்டதில்லை. மூன்று. வார்டில் இவள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஒரு பிள்ளை, உள்ளங்கையில் அடங்கிவிடும், அதன் அம்மா ஸ்ரீபெரும்புதூர்க்காரி, "எம்புள்ளை வெயிட்டு இன்னைக்குப் பத்து கிராம் ஏறிடுச்சுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள், பத்து கிராமுக்கு. நாலு. திரையில் மெதுவாக, குளுகுளுவென்று, புல் மாதிரி, பச்சை வந்தது. தோல்வி பூஜ்யம். ஒரு லிட்டர் மருந்தை அந்தப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டு, எல்லாம் நலம் என்றது எந்திரம்.

சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் இல்லை. லிஃப்ட் இல்லை. ஏழு மாதமாக அந்த அறுபத்து மூன்று கேள்விகளை யாருமே கேட்கவில்லை. அப்படியென்றால் இந்த ஏழு மாதத்தில் கணக்கில் யார் கை வைத்தார்கள்? அதற்கும் பதில் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன், மிலி மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது இர்ஃபான் போன் பண்ணினான். புதிதாக வந்த பையன் இல்லை, நாலு வருஷ அனுபவக்காரன், ஆனாலும் பயந்தவன். "அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க. எடையைத் திரையில கிலோவுல ஒரு தசமத்தோட காட்டச் சொல்றாங்க. டோஸ் கணக்குப் பக்கம் லேசாத் தொட வேண்டியிருக்கு. தொடலாமா?" இவள் என்ன சொன்னாள்? பெருமையாக, ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "தைரியமா மாத்து இர்ஃபான். தப்பா மாத்தினா என் டெஸ்ட்டுங்க கத்திடும்" என்றாள். வாய் கட்டப்பட்டவை எப்படிக் கத்தும்?

விடுபட்ட அந்த வரியைச் சேர்த்தாள். எந்திரம் சுலபத்தில் வழிக்கு வரவில்லை. மருந்துப் பட்டியல் கிடைக்கவில்லை என்றது. புது சர்வரில் பட்டியலை வேறு இடத்தில் வைத்திருந்தார்கள், ஏழு மாதமாக யாரும் கேட்காததால் யாரும் வழி சொல்லி வைக்கவில்லை. வழியைத் திருத்தினாள். பதிப்பு ஒத்துவரவில்லை என்றது. ஒத்துவருகிற பதிப்பைத் தேடி இறக்கினாள், அது முக்கால்வாசியில் நின்றது, மறுபடியும். இப்படியே மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. பன்னிரண்டரைக்கு மிலி பாலுக்கு எழுந்துவிடுவாள், எழுந்தால் ஒன்றரை வரை தோளில்தான். வேகமாக, ஆனால் தப்பில்லாமல். வேகமாகச் செய்ததில்தானே வந்தது இந்த வினை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தாள். கடைசியில் ஓடியது, பழைய நிதானத்தோடு, பதினொரு நிமிஷம். சிவப்பு. ஐந்து தோல்வி. ஒன்று அவளுடைய ஒரு லிட்டர். எந்திரம் இப்போது அதைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தது. மற்ற நாலும் ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகள். திரையில் அழகாகக் காட்டுவதற்காக முழுமைப்படுத்திய எடையையே கணக்கும் எடுத்துக்கொண்டிருந்தது. எழுநூற்றைம்பது கிராம் பிள்ளையை எண்ணூறு என்று நினைத்து மருந்து கொடுக்கும், காலை ஆறு மணியிலிருந்து. பத்து கிராமுக்குச் சிரித்தவளின் பிள்ளைக்கு ஐம்பது கிராமைச் சும்மா எழுதிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று பாக்கி, அதைத்தான் கடைசி வரை தள்ளிப்போட்டிருந்தாள். நாலு மாதத்துக்கு முன் போன ரிலீஸ். அது ஏற்கெனவே வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த நிமிஷம், பதினெட்டு ஆஸ்பத்திரிகளில், விளக்கு குறைத்த அறைகளில். அதையும் இந்த வரியோடு ஓடவிட்டாள். இந்தப் பதினொரு நிமிஷத்தில் என்ன நினைத்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வேண்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரியும். எதைச் சொல்லி வேண்டுவது? நாணயம் அடிக்கிற அச்சு மாதிரி மனசு ஒரே எண்ணை அடித்துக்கொண்டே இருந்தது: எழுநூற்றைம்பது, எழுநூற்றைம்பது. மிலி ஒரு தடவை சிணுங்கினாள், ஓடிப்போய் தட்டினாள், தட்டின கையிலேயே அடங்கிவிட்டது பிள்ளை. திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அறுபத்து மூன்றும் பச்சை, நிஜப் பச்சை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்தி.

எழுந்து குழுவில் எழுதினாள். முதலில் எழுதியது: ரிலீஸை நிறுத்துங்கள், இர்ஃபானின் மாற்றத்தில் பிழை. வாசித்தாள். ஒரு பொய்யும் இல்லை அதில். அதுதான் பயமாக இருந்தது, ஒரு பொய்கூட இல்லாமல் அவன் கழுத்தில் மாட்டிவிடலாம். அழித்தாள். மறுபடி எழுதினாள்: ரிலீஸை நிறுத்துங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருந்தளவு கூடுகிறது. மருந்தளவு டெஸ்ட்டுகள் ஏழு மாதமாக ஓடவில்லை, அவற்றை இடம் மாற்றியது நான், பில்ட்டுக்குச் சொல்ல மறந்தது நான், டெஸ்ட் இருக்கிறது தைரியமாக மாற்று என்று இர்ஃபானிடம் சொன்னதும் நான். இப்போது வார்டுகளில் இருக்கும் பதிப்பைச் சோதித்துவிட்டேன், அதில் பிழை இல்லை. ஜெசிந்தா. அனுப்பினாள்.

இரண்டு நிமிஷம் ஆகவில்லை, தணிகைவேல் கூப்பிட்டார். தூக்கக் குரல். "ரிலீஸை நிறுத்திட்டேம்மா. நல்லவேளை பாத்தே, பெரிய விஷயம். ஆனா ஏன் இதை அந்தக் குரூப்ல போட்டே? ஆஸ்பத்திரி டாக்டருங்க ரெண்டு பேரையும் அதுல சேத்து வச்சிருக்கோம். ஏழு மாசம் டெஸ்ட்டே ஓடலைன்னு தெரிஞ்சா நம்ம காண்ட்ராக்ட் என்னாகும்?"

"வார்டுல இருக்கறது சரியா இருக்கு தணிகை," என்றாள் குசுகுசுவென்று.

"அதான் நானும் சொல்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டணும்? இதுவரைக்கும் மூணு பேர்தான் பாத்திருக்காங்க, டாக்டருங்க இல்ல. அழிச்சிடு. இர்ஃபான் கோடுல ஒரு சின்னப் பிழை, கண்டுபிடிச்சு நிறுத்தியாச்சுன்னு நான் காலையில அழகா ஒரு மெயில் போட்டுடறேன். அடுத்த வாரம் உன் அப்ரைசல் வேற இருக்கு. கைக்குழந்தைக்காரி, வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அழிச்சிட்டியா?"

விரல் அந்தச் செய்தியின்மேல் போய் நின்றிருந்தது. அழுத்தினால் போதும், அழி என்று ஒரு சின்னச் சொல் எழும்பி வரும். வீட்டுக் கடன், மிலியின் தடுப்பூசி அட்டை, ஆன்றோவின் ஷிஃப்ட் பணம், எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. மூணு பேர். அமைதி. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அமைதி. இந்தத் தடவை ஜன்னலை நிஜமாகவே உடைத்தவள் எழுந்து நின்றால், உட்கார் என்கிறார்கள்.

"மாட்டேன்," என்றாள்.

"என்னது? கேக்கல ஜெசி. சத்தமாச் சொல்லு."

உள்ளே மிலி புரண்டாள், பாலுக்கு முந்தின அந்த மெல்லிய முனகல். சின்ன வீடு, இங்கே நின்று குரலை உயர்த்தினால் பிள்ளை எழுந்து அலறும், அலறினால் இவள் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவாள், தனக்கே தெரியும். "இருங்க தணிகை. வைக்காதீங்க. சத்தமாத்தான் சொல்லணும் இதை." போனை மார்போடு அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். விளக்குப் போட்டாள். கதவைச் சாத்தினாள். ஈரத்தில் துருப்பிடித்த தாழ்ப்பாள் பாதியில் நின்றது. போனுக்குள் அவர் ஹலோ ஹலோ என்றார். தோளைக் கதவில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது தள்ளலில் தாழ்ப்பாள் டக்கென்று உள்ளே போய் விழுந்தது.